3-3 சொன்னவருக்கா, 4-2 சொன்னவருக்கா? கணிப்புப் போட்டியின் விதிகளைத் தர்க்கப்படி படித்தல்

உங்கள் கேள்வி நீளமானது என்பதால், படிப்பவர்களுக்காக அதன் சாரத்தை முதலில் தருகிறேன். 2022 கால்பந்து உலகக் கோப்பையின்போது உங்கள் ரசிகர் குழு ஒரு கணிப்புப் போட்டி நடத்தியிருக்கிறது. அதற்கு நான்கு விதிகள். இறுதி ஆட்டத்தின் இறுதிக் கோல் கணக்கைச் சரியாகச் சொன்னால் 5 புள்ளிகள், வெற்றி பெறும் அணியை மட்டும் சரியாகச் சொன்னால் 2 புள்ளிகள் என்பது முதல் விதி. அரையிறுதிக்கு வரும் நான்கு அணிகளையும் சரியாகச் சொன்னவர்கள் மட்டுமே சிறப்புப் பரிசுக்குத் தகுதி பெறுவார்கள் என்பது இரண்டாவது. தொடரில் அதிக கோல் அடிக்கும் வீரரைச் சொன்னால் 3 புள்ளிகள் என்பது மூன்றாவது. புள்ளிகள் சமமானால் கணிப்பை முதலில் அனுப்பியவருக்கே பரிசு, எந்தக் கணிப்பையும் அதற்குரிய ஆட்டம் தொடங்கும்வரை திருத்திக்கொள்ளலாம் என்பது நான்காவது. கணிப்புப் படிவத்தில் 'கோல் கணக்கு' என்று ஒரு கட்டமும் 'கோப்பை வெல்லும் அணி' என்று ஒரு கட்டமும் இருந்தன. இறுதி ஆட்டத்துக்கு ஒருவர் 2-2 என்றும், ஒருவர் 3-3 என்றும், ஒருவர் 4-2 என்றும் எழுதியிருக்கிறார்கள். கோப்பை அர்ஜென்டினாவுக்கு என்பதில் மூவரும் ஒன்றுபட்டிருக்கிறார்கள். யாருக்கு 5 புள்ளிகள், சிறப்புப் பரிசை யாருக்குத் தருவது, சமநிலையை எப்படி முறிப்பது, இதற்கெல்லாம் தர்க்கப் புதிர்களைப் பழகினால் உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் முடிவுகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 5 புள்ளிகள் 3-3 சொன்னவருக்கு உரியவை; மற்ற இருவருக்கும் தலா 2. சிறப்புப் பரிசு யாருக்கும் இல்லை. சமநிலையில், கணிப்பைத் திருத்தியவரின் நேரம் அவர் கடைசியாகத் திருத்திய நேரமே. கடைசிக் கேள்விக்கும் என் பதில் 'உதவும்' என்பதுதான். அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற மூன்றுக்கும் வழி அதற்குள் இருக்கிறது.

உங்கள் குழுவில் நடந்த வாதத்தை நீங்கள் எழுதியிருக்கும் வரிசையில் பார்த்தால், ஒவ்வொருவரும் முதலில் தமக்குச் சாதகமான விடையைப் பிடித்துக்கொண்டு, பிறகு அதற்கேற்ற பொருளை விதிக்குள் தேடியிருக்கிறார்கள். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. முடிவு தெரிந்த பிறகு விதியைப் படிக்கும் எல்லோருக்கும் இது நேர்கிறது. புதிரில் இந்தச் சிக்கல் கிடையாது. எந்த விடை வந்தாலும் அதனால் யாருக்கும் லாபமோ நட்டமோ இல்லாததால், வாக்கியம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதில் மட்டும் கவனம் நிற்கிறது. போட்டி விதியையும் அதே மனநிலையில், பெயர்களை மறைத்துவிட்டுப் படிக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

வாக்கியத்தின் பொருள் மாறினால் விடையே மாறிவிடும் என்பதற்கு, 2015 ஏப்ரலில் உலகமெங்கும் பரவிய சிங்கப்பூர்ப் புதிரைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. சிங்கப்பூர், ஆசியப் பள்ளிகளுக்கான கணித ஒலிம்பியாடில் உயர்நிலை மாணவர்களுக்குக் கேட்கப்பட்ட கேள்வி அது. ஷெரில் தன் பிறந்தநாளாக இருக்கக்கூடிய பத்துத் தேதிகளை ஆல்பர்ட், பெர்னார்ட் இருவருக்கும் தருகிறாள்: மே 15, 16, 19, ஜூன் 17, 18, ஜூலை 14, 16, ஆகஸ்ட் 14, 15, 17. பிறகு ஆல்பர்ட்டிடம் மாதத்தை மட்டும், பெர்னார்டிடம் நாளை மட்டும் தனித்தனியே சொல்கிறாள். "எனக்குப் பிறந்தநாள் தெரியாது, ஆனால் பெர்னார்டுக்கும் தெரியாது என்பது எனக்குத் தெரியும்" என்கிறான் ஆல்பர்ட். "முதலில் எனக்குத் தெரியவில்லை, இப்போது தெரிந்துவிட்டது" என்கிறான் பெர்னார்ட். "அப்படியானால் எனக்கும் தெரிந்துவிட்டது" என்கிறான் ஆல்பர்ட். எந்த நாள்?

பட்டியலில் 18, 19 ஆகிய எண்கள் ஒரே ஒரு முறைதான் வருகின்றன. பெர்னார்டிடம் அவற்றில் ஒன்று சொல்லப்பட்டிருந்தால் அவனுக்கு அந்தக் கணமே விடை தெரிந்திருக்கும். ஆல்பர்ட்டுக்குத் தெரிந்ததோ மாதம் மட்டுமே. அவன் கையில் இருப்பது மே அல்லது ஜூன் என்றால், பெர்னார்டிடம் 19 அல்லது 18 இருக்கக்கூடும் என்ற ஐயம் அவனுக்கு இருந்தே தீரும். 'அவனுக்குத் தெரியாது' என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அப்படி உறுதியாகச் சொல்வதால் மாதம் ஜூலை அல்லது ஆகஸ்ட். இதைப் புரிந்துகொண்ட பெர்னார்டுக்கு விடை தெரிந்துவிடுகிறது என்றால் அவனிடம் இருப்பது 14 அல்ல, ஏனென்றால் 14 இரு மாதங்களிலும் வருகிறது. மிஞ்சுபவை ஜூலை 16, ஆகஸ்ட் 15, ஆகஸ்ட் 17. இந்த நிலையில் ஆல்பர்ட்டுக்கும் தெரிந்துவிட்டது என்றால் அவன் மாதத்தில் ஒரே ஒரு தேதிதான் மிஞ்சியிருக்க வேண்டும். விடை ஜூலை 16.

ஆனால் அன்று ஏராளமானோர் ஆகஸ்ட் 17 என்று வாதிட்டார்கள், அதுவும் ஒழுங்கான வாதம்தான். ஆல்பர்ட்டின் முதல் வாக்கியத்தை அவன் மாதத்திலிருந்து பெற்ற முடிவாகக் கொள்ளாமல், 'பெர்னார்டுக்குத் தெரியாது' என்ற செய்தி எப்படியோ எல்லோருக்கும் கிடைத்துவிட்டதாக அவர்கள் கொண்டார்கள். அப்போது மே 19, ஜூன் 18 ஆகிய இரண்டு தேதிகள் மட்டுமே நீங்கும். மே மாதமும் ஜூன் மாதமும் முழுதாக நீங்கா. ஜூனில் 17 மட்டும் மிஞ்சுவதால், மாதம் ஜூனாக இருந்தால் ஆல்பர்ட்டுக்கு விடை தெரிந்திருக்கும். தெரியாது என்கிறான், ஆகவே ஜூன் 17உம் போகிறது. மீதியில் ஒரே முறை வரும் நாள் 17 என்பதால், பெர்னார்டுக்குத் தெரிந்துவிட்டது என்றவுடன் ஆகஸ்ட் 17 நிற்கிறது. இரண்டு வழிகளிலும் கணக்கில் பிழை இல்லை. பிழை, ஆல்பர்ட்டுக்கு அந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்ற இடத்தில் இருக்கிறது. அவனுக்கு மாதம் மட்டுமே சொல்லப்பட்டது என்று புதிர் வெளிப்படையாகவே கூறுகிறது. வேறு வழியில் தகவல் வந்ததாக ஒரு சொல்லும் இல்லை. அந்த வழியை வாசகர்தான் சேர்க்கிறார். ஆகவே ஜூலை 16 என்று போட்டியை நடத்தியவர்கள் விளக்கம் வெளியிட்டதும் சரியே. எல்லோர் முன்னும் வைக்கப்பட்டதை மட்டும் கொண்டு படிக்க வேண்டும், இல்லாத ஒன்றைச் சேர்த்தால்தான் நிற்கும் பொருளை விட்டுவிட வேண்டும்: இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் விதிகளுக்கு வருவோம்.

முதல் விதி. 2022 டிசம்பர் 18 அன்று லுசைல் மைதானத்தில் அர்ஜென்டினாவுக்கும் பிரான்சுக்கும் இடையே நடந்தது நினைவிருக்கும். 23ஆம் நிமிடத்தில் அர்ஜென்டினாவின் மெஸ்ஸி பெனால்டியில் ஒரு கோல், 36ஆம் நிமிடத்தில் டி மரியா இன்னொன்று. 80, 81ஆம் நிமிடங்களில் பிரான்சின் எம்பாப்பே அடுத்தடுத்து இரண்டு. 90 நிமிட ஆட்டம் 2-2 என்று முடிந்தது. கூடுதல் நேரத்தில் மெஸ்ஸி 108ஆம் நிமிடத்திலும் எம்பாப்பே 118ஆம் நிமிடத்திலும் அடிக்க, 3-3 ஆனது. பிறகு பெனால்டி ஷூட் அவுட்டில் அர்ஜென்டினா 4-2 என்று வென்றது. மூன்று கணக்குகளும் அன்று மைதானத்தில் உண்மையாகவே தோன்றியவை என்பதுதான் உங்கள் தகராறின் வேர்.

4-2 என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது எந்தப் பொருளிலும் நிற்காது. ஷூட் அவுட் உதைகள் ஆட்டத்தின் கோல்களில் சேரும் என்று கொண்டால் கணக்கு 7-5 ஆக வேண்டும். சேராது என்று கொண்டால் 3-3. முன்பு அடித்த ஆறு கோல்களை அழித்துவிட்டு உதைகளை மட்டும் எண்ணினால்தான் 4-2 வரும், அப்படி எண்ணச் சொல்லும் சொல் உங்கள் விதியில் இல்லை. கால்பந்தின் ஆட்டச் சட்டங்களில் 10ஆவது சட்டம், பெனால்டி உதைகள் ஆட்டம் முடிந்த பிறகு எடுக்கப்படுபவை என்றே கூறுகிறது.

இதே இடத்தில் உங்கள் மூன்றாம் விதியையும் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். அதிக கோல் அடித்தவர் எம்பாப்பே, 8 கோல்கள், மெஸ்ஸிக்கு 7. இதில் உங்கள் குழுவில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை, எம்பாப்பேயைச் சொன்னவர்களுக்கு 3 புள்ளிகள் தரப்பட்டுவிட்டன. ஆனால் ஷூட் அவுட் உதைகளும் கோல்கள்தான் என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகிறது? எம்பாப்பே இறுதி ஆட்டத்தின் ஷூட் அவுட்டில் ஒன்று அடித்தார். அவர் கணக்கு 9. மெஸ்ஸி அதே ஷூட் அவுட்டில் ஒன்றும், நெதர்லாந்துக்கு எதிரான காலிறுதியின் ஷூட் அவுட்டில் ஒன்றும் அடித்தார். அவர் கணக்கும் 9. அதாவது 4-2 சொன்னவரின் வாதத்தை ஏற்றால், மூன்றாம் விதியில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விடையும் கலைந்துபோகும். ஒரே விதித்தாளில் 'கோல்' என்ற சொல் ஓரிடத்தில் ஒரு பொருளிலும் இன்னோரிடத்தில் வேறு பொருளிலும் வர முடியாது. அப்படி வர வேண்டுமானால் அதை எழுதியவர் வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு விதிக்குப் பொருள் சொல்லும்போது, அந்தப் பொருளை மற்ற விதிகளிலும் வைத்துப் பார்த்து எங்கேனும் முரண்படுகிறதா என்று தேடுவது, நான் அறிந்த சோதனைகளிலேயே மிக வலுவானது.

2-2 சொன்னவரின் வாதம் இதைவிடக் கனமானது. அதை மரியாதையோடு அணுக வேண்டும். ஓர் ஆட்டம் என்பது 45 நிமிடங்கள் கொண்ட இரு பாதிகள் என்பதுதான் ஆட்டச் சட்டங்களின் அடிப்படை. சமனான ஆட்டத்தில் வெற்றியாளரைக் கண்டறிய அனுமதிக்கப்பட்ட வழிகளில் ஒன்றாகத்தான் கூடுதல் நேரம் வருகிறது. பந்தய நிறுவனங்களும் பெரும்பாலும் 90 நிமிடக் கணக்கையே எடுத்துக்கொள்கின்றன. உங்கள் விதி வெறுமனே 'ஆட்டத்தின் கோல் கணக்கு' என்று நின்றிருந்தால் நான் தயங்கியிருப்பேன். ஆனால் அது 'இறுதிக் கோல் கணக்கு' என்கிறது. 108ஆம் நிமிடத்தில் மாறிவிட்ட ஒரு கணக்கை இறுதியானது என்று அழைக்க முடியாது. உலகக் கோப்பைப் பதிவுகளில் அந்த ஆட்டம் 'கூடுதல் நேரத்துக்குப் பின் 3-3' என்றே இருக்கிறது. ரசிகர்களின் பேச்சு வழக்கும் அதுதான்: 2010இல் ஸ்பெயின் நெதர்லாந்தை 1-0 என்று வென்றது, 2014இல் ஜெர்மனி அர்ஜென்டினாவை 1-0 என்று வென்றது என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். இனியெஸ்டாவின் கோல் 116ஆம் நிமிடத்திலும் கோட்ஸேயின் கோல் 113ஆம் நிமிடத்திலும் வந்தவை. 90 நிமிடக் கணக்கை இறுதி என்று கொண்டால் அந்த இரண்டு ஆட்டங்களும் 0-0 ஆகிவிடும். ஒரு விதியைப் படித்த சாதாரண ரசிகர் அதை எப்படிப் புரிந்துகொண்டிருப்பார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

3-3 சொன்னவர் தமக்கு 5உடன் 2உம் சேர்த்து 7 வேண்டும் என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். 'வெற்றி பெறும் அணியை மட்டும் சரியாகச் சொன்னால் 2' என்ற வாக்கியம் அதற்கு இடம் தரவில்லை. கோல் கணக்கையும் சரியாகச் சொன்னவர் அணியை மட்டும் சொன்னவர் அல்லர். அவருக்கு 5தான். இன்னொருவர் எதிர்த் திசையில் போய், சட்டப்படி ஆட்டம் சமனில் முடிந்ததால் 'வெற்றி பெறும் அணி' என்றே ஒன்று இல்லை, ஆகவே அந்த 2 புள்ளிகள் யாருக்கும் இல்லை என்று வாதிட்டாராம். படிவத்தின் கட்டத்தில் 'கோப்பை வெல்லும் அணி' என்று நீங்களே அச்சிட்டுக் கொடுத்திருப்பதால் அந்த வாதம் அங்கேயே முடிந்துவிடுகிறது. விதித்தாளும் படிவமும் போட்டியாளர் கையில் சேர்ந்தே தரப்பட்டவை, சேர்த்தே படிக்கப்பட வேண்டியவை.

இரண்டாம் விதிக்கு வருகிறேன். அரையிறுதிக்கு வந்தவை அர்ஜென்டினா, பிரான்ஸ், குரோஷியா, மொராக்கோ. ஆப்பிரிக்காவிலிருந்து ஓர் அணி உலகக் கோப்பை அரையிறுதியை எட்டியது அதுவே முதல் முறை என்பதால், உங்கள் குழுவில் மொராக்கோவை யாரும் எழுதாததில் வியப்பில்லை. நால்வரில் மூவரைச் சரியாகச் சொன்ன ஒருவர், நான்கையும் சொன்னவர் எவரும் இல்லாததால் அடுத்த நிலையில் உள்ள தமக்கே பரிசு வர வேண்டும் என்கிறார்.

'மட்டுமே' என்ற சொல் ஒரு வாசலை அடைக்கிறது. எந்த வாசலையும் திறப்பதில்லை. 'நான்கையும் சொன்னவர்கள் மட்டுமே தகுதி பெறுவார்கள்' என்பதன் பொருள், நான்கையும் சொல்லாதவர் எவரும் தகுதி பெற மாட்டார் என்பதே. மூன்று சொன்னவரைப் பற்றி விதி மௌனமாக இல்லை, அவரைப் பெயர் சொல்லாமல் வெளியே நிறுத்திவிட்டது. விதி மௌனமாக இருப்பது வேறு இடத்தில்: தகுதி பெற்றவர் யாருமே இல்லாவிட்டால் பரிசுப் பொருளை என்ன செய்வது என்று அது சொல்லவில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால்தான் மூன்று சொன்னவரின் கோரிக்கை நியாயமாகத் தோன்றியிருக்கிறது.

இந்த வகை வாக்கியத்தில் மனித மனம் எவ்வளவு எளிதாகச் சறுக்குகிறது என்பதை, பிரிட்டிஷ் உளவியலாளர் பீட்டர் வேசன் 1966இல் ஒரு சீட்டுப் புதிரால் காட்டினார். ஒரு பக்கம் எழுத்தும் மறுபக்கம் எண்ணும் உள்ள நான்கு சீட்டுகள் மேசைமேல் இருக்கின்றன. நமக்குத் தெரியும் பக்கங்களில் ஒரு ஆங்கில உயிரெழுத்து, ஒரு மெய்யெழுத்து, 4, 7. 'ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டை எண் இருக்கும்' என்ற விதி உண்மையா என்று சோதிக்க எந்தெந்தச் சீட்டுகளைத் திருப்ப வேண்டும்? பெரும்பாலானவர்கள் உயிரெழுத்தையும் 4ஐயும் காட்டுகிறார்கள். திருப்ப வேண்டியவை உயிரெழுத்தும் 7உம். 4இன் பின்னால் எது இருந்தாலும் விதி உடையாது; 7இன் பின்னால் உயிரெழுத்து இருந்தால் உடைந்துவிடும். இதே புதிரை 1982இல் கிரிக்ஸ், காக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், மது அருந்துபவருக்குக் குறிப்பிட்ட வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற விதியாக மாற்றிக் கேட்டபோது பெரும்பாலானோர் சரியாகச் சொன்னார்கள்: பீர் குடிப்பவரின் வயதைப் பார், வயது குறைந்தவர் என்ன குடிக்கிறார் என்று பார். பழகிய சூழலில் நமக்கு வரும் தர்க்கம், பழகாத சொற்களில் வருவதில்லை.

உங்கள் போட்டிக்கே இதைப் பொருத்தலாம். அமைப்பாளர்கள் இரண்டாம் விதியைச் சரியாகக் கடைப்பிடித்தார்களா என்று தணிக்கை செய்ய நான்கு படிவங்கள் தரப்படுகின்றன: பரிசு பெற்றவருடையது, பெறாதவருடையது, நான்கும் சரியாக எழுதியவருடையது, மூன்று மட்டும் சரியாக எழுதியவருடையது. பார்க்க வேண்டியவை முதலாவதும் நான்காவதும். நான்கும் எழுதியவருக்குப் பரிசு கிடைக்காமல் போயிருந்தால்கூட இந்த விதி மீறப்பட்டதாகாது, ஏனென்றால் அது தகுதியைத்தான் பேசுகிறது. தகுதி பெற்ற எல்லோருக்கும் பரிசு உண்டு என்று அது உறுதி சொல்லவில்லை. உங்கள் விதித்தாளில் இருக்கும் உண்மையான ஓட்டை இதுதான் என்று நினைக்கிறேன், அதை இதுவரை யாரும் கவனிக்காதது உங்கள் நல்ல காலம்.

வேண்டிய நிபந்தனைக்கும் (அது இல்லாவிட்டால் பரிசு இல்லை) போதுமான நிபந்தனைக்கும் (அது இருந்தாலே பரிசு உண்டு) உள்ள வேறுபாடு விளையாட்டு விஷயம் அல்ல என்பதை 1992இல் பிலிப்பைன்ஸ் அறிந்தது. பெப்சி நிறுவனம் நடத்திய பரிசுப் போட்டியில், புட்டி மூடியின் உட்புறம் அச்சிட்ட எண் அறிவிக்கப்படும் எண்ணோடு பொருந்தினால் பரிசு. உச்சப் பரிசு 10 லட்சம் பெசோ. மே 25 அன்று 349 என்ற எண் அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்த எண் தவறுதலாக லட்சக்கணக்கான மூடிகளில் அச்சாகியிருந்தது. மூடியில் எண்ணோடு ஒரு பாதுகாப்புக் குறியீடும் இருந்தது. எண், குறியீடு இரண்டும் பொருந்தினால்தான் பரிசு என்பது நிறுவனத்தின் நிலை. மக்கள் மனத்திலோ எண் மட்டுமே பதிந்திருந்தது. கலவரம் மூண்டது, உயிர்கள் போயின, வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. முடிவில் 2006இல் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. நிறுவனம் சொன்னது தர்க்கப்படி சரி. ஆனால் இரண்டு நிபந்தனைகளில் ஒன்றை மட்டும் ஊரெல்லாம் விளம்பரப்படுத்துகிறவர், மற்றதை மக்கள் தாமாகவே நினைவில் வைத்திருப்பார்கள் என்று எதிர்பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நான்காம் விதியில் நிலைமை வேறு; இங்கே சொற்களே இரு பொருளுக்கு இடம் தருகின்றன. புள்ளிகளில் சமமான இருவரில் ஒருவர் டிசம்பர் 15 அன்று இறுதி ஆட்டக் கணிப்பை அனுப்பி, ஆட்டத்துக்குச் சற்று முன் அதைத் திருத்தியிருக்கிறார். மற்றவர் 16 அன்று அனுப்பி, திருத்தவே இல்லை. 'முதலில் அனுப்பியவர்' என்பது முதன்முதலாக எதையோ அனுப்பியவரா, இப்போது புள்ளி பெறும் கணிப்பை முதலில் அனுப்பியவரா? சொல்லை மட்டும் பார்த்தால் இரண்டும் நிற்கும். இப்படிப்பட்ட இடத்தில் புதிர் தீர்ப்பவர்கள் செய்வதையே செய்ய வேண்டும்: ஒரு பொருளை உண்மை என்று வைத்துக்கொண்டு, அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்க்க வேண்டும். முதல் பதிவின் நேரமே கணக்கு என்றால், அறிவிப்பு வந்த நிமிடமே ஏதோ ஓர் எண்ணை எழுதி அனுப்பி இடத்தைப் பிடித்துக்கொண்டு, ஆட்டம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன் அணிகளின் பட்டியலையும் காயங்களையும் பார்த்துவிட்டு உண்மையான கணிப்பை எழுதுவதே எல்லோருக்கும் லாபமான வழியாகிவிடும். குறைந்த தகவலோடு துணிந்து முன்கூட்டியே சொன்னவருக்கு முன்னுரிமை தருவதற்காக எழுதப்பட்ட விதி, அப்படிச் சொல்லாதவருக்கே முன்னுரிமை தருவதாக முடியும். ஆகவே அந்தப் பொருளைத் தள்ள வேண்டும், திருத்தாதவருக்கே பரிசு.

விதியின் நோக்கத்தைப் பார்த்துப் பொருள் கொள்ளலாம் என்றால், முதல் இரு விதிகளில் மட்டும் ஏன் சொல்லையே பிடித்துக்கொண்டேன் என்று நீங்கள் கேட்கலாம். சொல் ஐயத்துக்கு இடமில்லாமல் இருக்கும்போது நோக்கம் என்ற பெயரில் அதை வளைக்கக் கூடாது. சொல் இரண்டாகப் பிளக்கும்போது நோக்கமே வழிகாட்டி. நீதிமன்றங்கள் சில வேளை இதற்கும் ஒரு படி மேலே போகின்றன. இந்தியாவின் 1955ஆம் ஆண்டுப் பரிசுப் போட்டிகள் சட்டம், எழுத்துகளையோ சொற்களையோ எண்களையோ அமைத்துத் தீர்க்கும் புதிர்களுக்குப் பரிசு தரும் எந்தப் போட்டியையும் தன் வரையறைக்குள் கொண்டுவந்தது. மாதத்துக்கு 1000 ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது, ஒரு போட்டிக்கு 2000 நுழைவுகளுக்கு மேல் கூடாது என்றது. சொல்லுக்குச் சொல் எடுத்தால் அறிவுத் திறனால் மட்டுமே வெல்லக்கூடிய குறுக்கெழுத்துப் போட்டியும் அதில் சிக்கும். 1957இல் சமர்பாக்வாலா வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டம் பிறந்த வரலாற்றையும் நோக்கத்தையும் பார்த்து, அது சூதாட்டத் தன்மை கொண்ட போட்டிகளை மட்டுமே குறிக்கும், திறன் சார்ந்தவற்றைத் தொடாது என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றத்துக்கு அதற்குரிய அதிகாரமும் மேல்முறையீடும் உண்டு. ரசிகர் குழுவின் அமைப்பாளருக்கு அந்தச் சுதந்திரத்தைத் தர நான் தயங்குவேன், ஏனென்றால் போட்டியாளர்கள் அவருடைய நண்பர்கள்.

இந்த விதிகளே முட்டாள்தனமானவை, மாற்றிவிட்டுத் திரும்ப எண்ணலாம் என்று உங்கள் குழுவில் ஒரு குரல் எழுந்திருக்கிறது. 2019 ஜூலை 14 அன்று லார்ட்ஸில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் தலா 241 ரன்கள் எடுத்து, சூப்பர் ஓவரிலும் தலா 15 எடுத்து, முடிவில் பவுண்டரி எண்ணிக்கையில் 26க்கு 17 என்று இங்கிலாந்து உலகக் கோப்பையை வென்றது. அந்த விதியை நியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நியூசிலாந்துக்காக அன்று வருந்தியவர்களில் நானும் ஒருவன். சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலும் அதே ஆண்டு அக்டோபரில் அந்த விதியை மாற்றி, முக்கிய ஆட்டங்களில் வெற்றி தோல்வி தெரியும்வரை சூப்பர் ஓவர் தொடரும் என்றது. ஆனால் கோப்பை இங்கிலாந்திடமே இருக்கிறது, இருக்கவும் வேண்டும், ஏனென்றால் இரு அணிகளும் அந்த விதியை அறிந்தே களம் இறங்கின. உங்கள் குழுவும் 2022 முடிவுகளை அன்றைய விதிகளின்படியே முடித்துவிட்டு, திருத்தங்களை அடுத்த போட்டிக்கு வைத்துக்கொள்ளட்டும்.

சிறப்புப் பரிசு யாருக்கும் போகாததால் மிஞ்சியிருக்கும் பொருளைப் பற்றி விதியும் பேசவில்லை, தர்க்கமும் பேசாது. அது படித்துக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் அல்ல, கூடி முடிவெடுக்க வேண்டிய விஷயம். முடிவெடுக்கும்போது 'விதி இதைத்தான் சொல்கிறது' என்று மட்டும் யாரும் சொல்லாதிருக்கட்டும். மூன்று சொன்னவருக்கு ஒரு பாராட்டாக அதைக் கொடுக்கக் குழு விரும்பினால் கொடுக்கலாம், ஆனால் அது சிறப்புப் பரிசு என்று பதிவாகக் கூடாது. அடுத்த போட்டிக்கே அதைச் சேர்த்துவிடுவது எனக்கு இன்னும் பிடித்த வழி.

அடுத்த போட்டிக்கு இதே தாளை நகலெடுக்கப் போவதாகச் சொன்னீர்கள். அதற்கு முன் சில சொற்களை மாற்றிவிடுங்கள். 'கூடுதல் நேரம் உட்பட, பெனால்டி ஷூட் அவுட் நீங்கலாக' என்ற ஒரு தொடர் முதல் விதியையும் மூன்றாம் விதியையும் சேர்த்தே காப்பாற்றும். இரண்டாம் விதியில் 'தகுதி பெறுவார்கள்' என்பதற்குப் பதிலாகப் பரிசு எப்படிப் பகிரப்படும், எவரும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை எழுதுங்கள். நான்காம் விதியில் 'கடைசியாகத் திருத்திய நேரமே கணிப்பின் நேரம்' என்று சேர்த்துவிடுங்கள். மூன்றாம் விதியில் இருவர் சம கோல்கள் அடித்தால் இருவரையும் ஏற்பதா, தங்கக் காலணி பெற்றவரை மட்டுமா என்பதும் எழுதப்பட வேண்டும்; 2010இல் முல்லர், வில்லா, ஸ்னைடர், ஃபோர்லான் நால்வரும் தலா 5 கோல்கள் அடித்திருந்தார்கள், கோல் அடிக்க அதிக முறை உதவியவர் என்பதால் காலணி முல்லருக்குப் போனது. 48 அணிகள் ஆடும் 2026 அமைப்பில் 12 குழுக்களிலும் முதல் இரு இடங்கள் பெறுபவர்களோடு, மூன்றாம் இடம் பெற்றவர்களில் சிறந்த 8 அணிகளும் அடுத்த சுற்றுக்குப் போகின்றன. எனவே குழுச் சுற்றுக்கும் கணிப்பு கேட்பதாக இருந்தால், 'குழுவில் முதல் இரு இடங்கள் பெறும் அணிகள்' என்று கேட்கிறீர்களா, 'அடுத்த சுற்றுக்கு முன்னேறும் அணிகள்' என்று கேட்கிறீர்களா என்பதைத் தெளிவாக எழுதுங்கள். 32 அணிகள் ஆடியபோது இரண்டும் ஒன்றாக இருந்தன.